அவிழ்ப்பதற்கு எதிர்ச்சொல் எது?

"அவிழ்" என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் கேட்டால் பெரும்பாலோர் யோசிக்காமல் "கட்டு" என்று சொல்லிவிடுவார்கள். தேர்வில் அதற்கு மதிப்பெண்ணும் கிடைக்கும். தவறும் இல்லை. ஆனால் சட்டைப் பொத்தானை அவிழ்க்கிறோம். திரும்ப அதை யாரும் கட்டுவதில்லை, போடுகிறோம். சடையை அவிழ்க்கிறோம், திரும்பப் பின்னுகிறோம். வண்டியிலிருந்து மாட்டை அவிழ்த்து விடுகிறோம், திரும்பப் பூட்டுகிறோம். புதிரைக்கூட அவிழ்க்கிறோம், அதன் எதிர்ப்பக்கத்தில் நின்று புதிர் போடுகிறோம். அவிழ்ப்பது ஒன்றுதான், எதிர்ப்பக்கத்தில் வரிசையாகச் சொற்கள் நிற்கின்றன.

தமிழ் கற்றுக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் ஒருநாள் "இருங்கள், சட்டையைக் கட்டிக்கொண்டு வருகிறேன்" என்றார். சிரிப்பு வந்தது, ஆனால் அவர்மேல் தப்பில்லை. அகராதி அவருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தது. "அப்படியானால் எதற்கு எந்தச் சொல்லைப் போடுவது? எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்டார். அன்று அரைகுறையாகச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதிப் பார்க்கிறேன். ஒரு பொருள் எதனால் பிடித்து நிற்கிறது என்று பார்த்தால் போதும், சொல் தானாக வரும். கயிறா, கொக்கியா, துளையா, பசையா? தமிழ் வினைச்சொல் கண் வைத்திருப்பது அங்கேதான்.

கட்டாத கயிறும் அவிழ்ந்த கயிறும்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "கட்டாத கயிறு" என்று ஒன்று இருக்கிறது, "அவிழ்ந்த கயிறு" என்று ஒன்று இருக்கிறது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத் தரையில் கிடக்கலாம். ஆனால் கட்டாத கயிறு, சுருள் பிரிக்காத புதுக் கயிறாகக்கூட இருக்கலாம். அது எதையும் கட்டியதே இல்லை. அவிழ்ந்த கயிற்றுக்கு ஒரு பழைய கதை உண்டு. அது ஒரு காலத்தில் எதையோ பிடித்துக்கொண்டிருந்தது.

"கட்டவில்லை" என்பது, செயலே நடக்கவில்லை என்று சொல்கிற மறுப்பு. "அவிழ்த்தேன்" என்பது, நடந்து முடிந்த செயலைப் பின்னோக்கி ஓட்டுவது. எதிர்ச்சொல் தேடும்போது நமக்கு வேண்டியது இரண்டாவது வகை. ஏறு–இறங்கு, மடி–விரி, நிரப்பு–காலி செய் எல்லாம் இந்த வகைதான். ஒருவர் செய்ததை இன்னொருவர் பழையபடி ஆக்கிவிட முடிகிற சோடிகள்.

ஆங்கிலத்தில் இந்த இரண்டு வேலையையும் "அன்" என்ற ஒரே முன்னொட்டு செய்துவிடும். அதனால் அங்கே ஒரு வேடிக்கை உண்டு. "அன்லாக்கபிள்" என்ற சொல்லுக்குப் பூட்டவே முடியாதது என்றும் பொருள் வரும், பூட்டியதைத் திறக்கக்கூடியது என்றும் பொருள் வரும். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர்மாறு! தமிழில் இந்தக் குழப்பத்துக்கு வழியில்லை. வினைச்சொல்லின் முன்னால் ஓர் எழுத்தை ஒட்டி அதைத் தலைகீழாக்கும் வசதி நமக்குக் கிடையாது. ஒவ்வொரு செயலுக்கும் அதைக் கலைக்கும் செயலுக்கென்று தனிச்சொல் வேண்டும். கற்றுக்கொள்பவருக்கு இது கூடுதல் சுமை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சுமைக்கு ஈடாக, சொல்லைக் கேட்டவுடனே பொருள் எப்படிப் பிடித்திருந்தது என்பதும் தெரிந்துவிடுகிறது.

ஒரு ஷூவைக் கழற்றிப் பார்ப்போம்

அவிழ்ப்பதும் கழற்றுவதும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு ஷூவை எடுத்துக்கொண்டால் வித்தியாசம் புரிந்துவிடும். முதலில் லேஸை அவிழ்க்கிறோம். அப்போது ஷூ இன்னும் காலில்தான் இருக்கிறது. பிடிமானம் மட்டும் போய்விட்டது. அடுத்ததாக ஷூவைக் கழற்றுகிறோம். இப்போதுதான் அது காலை விட்டு வெளியே வருகிறது. ஆக, அவிழ்ப்பது கட்டின்மேல் செய்யும் வேலை. கழற்றுவது, ஒன்றின்மேல் மாட்டியிருக்கும் பொருளை அதிலிருந்து எடுக்கும் வேலை.

இதையே திருப்பிச் செய்யும்போது வரிசை தலைகீழாகிறது. முதலில் ஷூவை மாட்டுகிறோம், பிறகுதான் லேஸைக் கட்டுகிறோம். கடைசியில் செய்ததை முதலில் கலைக்கிறோம். முதலில் செய்ததைக் கடைசியில் கலைக்கிறோம். சோடிகள் இரண்டும் இங்கேயே கிடைத்துவிட்டன: கட்டு–அவிழ், மாட்டு–கழற்று.

கைக்கடிகாரம் மட்டும் இந்தக் கணக்கில் அடங்காமல் நிற்கும். கடிகாரத்தைக் கட்டுகிறோம்; ஆனால் அவிழ்ப்பதில்லை, கழற்றுகிறோம். கட்டும்போது நம் கவனம் மணிக்கட்டைச் சுற்றி வரும் வாரின்மேல் இருக்கிறது. எடுக்கும்போது அந்தப் பொருள் கையை விட்டுப் போகிறதே என்பதுதான் முக்கியம். ஒரே பொருளுக்கு உள்ளே வர ஒரு வாசல், வெளியே போக வேறு வாசல். சட்டையையும் போடுகிறோம், ஆனால் கழற்றவும் செய்கிறோம், அவிழ்த்தும் எறிகிறோம். பேசுகிறவர் பொத்தானை நினைக்கிறாரா, முழுச் சட்டையை நினைக்கிறாரா என்பதைப் பொறுத்தது. இப்படி இரண்டு சொல்லும் செல்லுபடியாகும் இடங்களில் எது சரி என்று அடித்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

பிடிக்கும் விதம் சொல்லைத் தீர்மானிக்கிறது

கயிறு, நூல், துணி போன்ற வளையும் பொருள் ஒன்றைச் சுற்றி வந்து முடிச்சில் நின்றால் அது கட்டு. சுற்றி வருவதைவிட முடிச்சே முக்கியம் என்றால் முடி. "துணியின் ஓரத்தில் சாவியை முடிந்துகொண்டாள்" என்கிறோம். இந்த "முடிந்தாள்" கொஞ்சம் விசித்திரமானது. "வேலை முடிந்தது" என்பதில் வரும் அதே வடிவம், ஆனால் இங்கே ஒருவர் இன்னொன்றைச் செய்கிறார். அந்தக் காலத்தில் துணி ஓரத்தில் காசை முடிந்துவைத்துக்கொண்டு நடமாடியதால், அதைக் களவாடுகிறவனுக்கு "முடிச்சவிழ்க்கி" என்றே பெயர் வந்தது. அவிழ்ப்பதை மட்டுமே தொழிலாகக் கொண்டவன். திட்டுவதற்கு இன்றைக்கும் அந்தச் சொல் உயிரோடு இருக்கிறது.

ஒன்றை இன்னொன்றின்மேல் தொங்கவிட்டாலோ, கொக்கிபோல் வளைந்த பகுதி இன்னொன்றைப் பிடித்துக்கொண்டாலோ அது மாட்டு. கண்ணாடியை மாட்டுகிறோம், படத்தை ஆணியில் மாட்டுகிறோம், தூண்டிலில் மீன் மாட்டுகிறது. எதிர்ப்பக்கத்தில் எப்போதும் கழற்று. ஓர் அச்சில் இன்னோர் அச்சு அளவாக உட்கார்ந்தால் பொருத்து. அதற்கும் கழற்றுதான் எதிர்ச்சொல். உறைக்குள் அல்லது இடுக்குக்குள் ஒன்றை நுழைத்து நிறுத்தினால் செருகு. அதற்கு எதிர்ச்சொல் உருவு. கத்தியை உறையில் செருகுகிறோம், உறையிலிருந்து உருவுகிறோம்.

துளை வழியாக நூலைச் செலுத்தினால் கோத்தல். ஊசியில் நூல் கோக்கிறோம், மணிகளைக் கோக்கிறோம். "கோத்தான்" என்பதுதான் இலக்கண வடிவம். "கோர்த்தான்" என்று நடுவில் ஒரு "ர்" சேர்த்து எழுதுவது இப்போது எங்கும் பரவிவிட்டது. நான் "கோத்தான்" கட்சி, ஆனால் யாரிடமும் சண்டைக்குப் போவதில்லை. அலுவலகத்தில் "கோப்பு" என்கிறோமே, அதுவும் இந்தக் கோத்தலில் பிறந்ததுதான். ஓலைச்சுவடியின் ஏடுகளில் துளையிட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் பலகை வைத்துச் சுற்றிக் கட்டுவார்கள். படிக்க வேண்டுமென்றால் முதலில் கட்டை அவிழ்க்க வேண்டும். கட்டும் கோப்பும் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும் "கட்டுக்கோப்பு" என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு ஒரு சுவடிதான் கண்முன் வரும்.

பசையால் பிடித்தால் ஒட்டு. எடுக்கும்போது பிய் அல்லது உரி. தைத்ததைப் பிரிக்கிறோம். சுற்றியதையும் பொதிந்ததையும்கூடப் பிரிக்கத்தான் செய்கிறோம். பின்னியதைப் பிரிக்கலாம், அவிழ்க்கவும் செய்யலாம். திருகாணியை முடுக்குகிறோம் அல்லது இறுக்குகிறோம். முழுதும் கழற்றாமல் பிடியை மட்டும் விட்டால் அது தளர்த்துதல். மரை கழன்றுபோனால் ஆள்மேலேயே சொல்லிவிடுவார்கள், "அவனுக்கு மரை கழன்றுவிட்டது" என்று. அந்த மரையை முடுக்குவது எப்படி என்று மட்டும் எவரும் சொன்னதில்லை.

பூட்டு: நுகத்திலிருந்து கதவுக்கு

இந்தக் குடும்பத்தில் எனக்குப் பிடித்த சொல் பூட்டு. இன்று பூட்டு என்றால் கதவில் தொங்கும் உலோகப் பொருள்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்த வினையின் அடியில் "பூண்" இருக்கிறது. பூணுதல் என்றால் அணிந்துகொள்ளுதல், மேற்கொள்ளுதல். உண்–ஊட்டு, காண்–காட்டு என்று இரட்டையர்கள் இருப்பதுபோல பூண்–பூட்டு. தானே உண்டால் உண்; பிறரை உண்ணவைத்தால் ஊட்டு. தானே அணிந்தால் பூண். இன்னொன்றின்மேல் அணிவித்தால் பூட்டு. அதனால்தான் நகையையும் பூட்டலாம், விலங்கையும் பூட்டலாம், மாட்டை ஏரிலும் பூட்டலாம், வில்லில் நாணையும் பூட்டலாம். இவை எதிலும் சாவி கிடையாது.

எதிர்ச்சொல்லும் அதற்கேற்ப மாறுகிறது. கதவில் பூட்டினால் திறக்கிறோம். ஏரில் பூட்டினால் அவிழ்க்கிறோம். கையில் விலங்கு பூட்டினால் கழற்றுகிறோம். "பூட்டு–திற" என்று மட்டும் மனப்பாடம் செய்தவர் வண்டி மாட்டைத் "திறந்து" விடுவார்.

சாவி என்பது போர்த்துகீசியச் சொல். அதற்கு முன்பிருந்தே தமிழில் திறவுகோல் உண்டு. இலங்கைத் தமிழில் சாவிக்குத் "திறப்பு" என்றே சொல்கிறார்கள். பூட்டுவது பூட்டு, திறப்பது திறப்பு. இரண்டு செயல்களும் அப்படியே இரண்டு பொருள்களாக உட்கார்ந்திருக்கும் இந்த ஒழுங்கு எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கிறது.

கதவைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மூடும் பக்கத்தில் தமிழுக்குப் படிப்படியாகச் சொற்கள் உண்டு. ஒரு கை நுழையும் அளவு இடைவெளி விட்டால் ஒருக்களித்து வைப்பது. நிலைவரை கொண்டுபோய்ச் சேர்த்தால் சாத்துவது; தள்ளினால் திறந்துகொள்ளும். மூடு, அடை என்றால் உள்ளே வர வழியில்லை என்பது சேர்ந்துகொள்கிறது. தாழ்ப்பாள் போட்டால் உள்ளே ஆள் இருக்கிறார். பூட்டினால் பெரும்பாலும் ஆள் வெளியே போயிருக்கிறார். "கதவு சாத்தியிருந்தது" என்று சொன்னவரையும் "கதவு பூட்டியிருந்தது" என்று சொன்னவரையும் காவல்துறை வெவ்வேறு விதமாக விசாரிக்கும். ஆனால் இத்தனைக்கும் மறுபக்கத்தில் ஒற்றைச் சொல்தான்: திற. மூடுவதில் காட்டிய கவனத்தைத் திறப்பதில் மொழி காட்டவில்லை.

தானே அவிழும், தானே கட்டிக்கொள்ளுமா?

"அவிழ்ந்தது", "அவிழ்த்தான்" என்ற இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேர் ஒன்றுதான். மெல்லின "ந்" வந்தால் தானே நடந்தது. வல்லின "த்" வந்தால் யாரோ செய்தார்கள். இலக்கணத்தில் முதலாவதைத் தன்வினை என்றும் இரண்டாவதைப் பிறவினை என்றும் சொல்வார்கள். கழன்றது–கழற்றினான், பிரிந்தது–பிரித்தான், தளர்ந்தது–தளர்த்தினான். கலைக்கும் பக்கத்தில் பெரும்பாலான சொற்களுக்கு இந்த இரட்டை வடிவம் இருக்கிறது.

சேர்க்கும் பக்கத்திலும் உண்டு: இணைந்தது–இணைத்தான், பொருந்தியது–பொருத்தினான், இறுகியது–இறுக்கினான். ஆனால் தலைச்சொல்லான கட்டுவில் தடுக்கி விழுவோம். லேஸ் தானே அவிழும். தானே "கட்டியது" என்று சொல்ல முடியாது. யாரோ கட்ட வேண்டும், அல்லது "கட்டப்பட்டது" என்று வளைத்துச் சொல்ல வேண்டும். தொண்டை கட்டும், சளி கட்டும், ரத்தம் கட்டும். அவையெல்லாம் உடம்புக்குள் உறைந்து அடைத்துக்கொள்கிறவை, கயிற்று வேலையல்ல.

உலகமும் இந்த இலக்கணத்தோடு ஒத்துப்போகிறது. நடந்துகொண்டே இருந்தால் ஷூ லேஸ் ஏன் தானாக அவிழ்கிறது என்று கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பொறியாளர்கள் ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். கால் தரையில் மோதும்போது ஏற்படும் அதிர்ச்சி முடிச்சைக் கொஞ்சம் நெகிழ்த்துகிறது. கால் வீசும்போது தொங்கும் முனைகள் சாட்டைபோல வெளியே இழுக்கின்றன. மோதல் நெகிழ்த்த, வீச்சு இழுக்க, இரண்டும் மாறிமாறி நடக்க, முடிச்சு முதலில் மெதுவாகத் தளர்ந்து, பிறகு சட்டென்று விட்டுவிடுகிறது. யாரும் தொடாமலே நடக்கும் இந்த வேலைக்குத் தமிழ் ஏற்கெனவே "அவிழ்ந்தது" என்று ஒரு வடிவத்தைத் தயாராக வைத்திருக்கிறது.

அப்படியென்றால் தானாக முடிச்சே விழாதா? விழும். பையில் போட்ட இயர்போன் வயரைக் கேளுங்கள். ஆனால் அப்போது நாம் கட்டு என்ற சொல்லை அண்டவே விடுவதில்லை. "முடிச்சு விழுந்துவிட்டது", "சிக்கு விழுந்துவிட்டது", "சிக்கிக்கொண்டது" என்கிறோம். விழுவது என்றாலே யாரும் திட்டமிடாதது. வேண்டுமென்று போட்டால் முடிச்சு போடுகிறோம். வேண்டாமல் வந்தால் முடிச்சு விழுகிறது. சிக்கலின் எதிர்ப்பக்கத்தில் அவிழ்ப்பதும் வரும், எடுப்பதும் வரும்: தலைமுடியில் சிக்கெடுக்கிறோம். வாழ்க்கைப் பிரச்சினைக்குச் "சிக்கல்" என்று பெயர் வைத்தவர் நூற்கண்டோடு நிறையப் போராடியிருக்க வேண்டும்.

மொட்டும் கூப்பிய கையும்

அவிழ் என்பதற்குப் பூ மலர்வது என்றும் பொருள் உண்டு. பழைய பாடல்களில் மொட்டைக் கட்டுண்டதாகவே பார்த்தார்கள். இதழ்களின் தளை அவிழ்ந்தால் பூ. தளை என்றால் விலங்கு. இந்த அவிழ்தலுக்கு எதிர்ச்சொல் கட்டுதலாக இருக்க முடியாது, அல்லவா? பூவை யாரும் கட்டி மொட்டாக்குவதில்லை. அங்கே வருகிற சொல் கூம்பு. மாலையில் தாமரை கூம்புகிறது.

திரும்பு–திருப்பு, நிரம்பு–நிரப்பு என்பதுபோல கூம்பு என்பதன் பிறவினை கூப்பு. ஆம், கைகூப்புகிறோமே, அதேதான். இதழ்கள் கூம்புவதுபோல விரல்களைச் சேர்த்துக் குவிப்பது. இதை முதன்முதலில் கவனித்த நாளில் ஏதோ ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்ததுபோல இருந்தது எனக்கு.

செய்யுளே ஒரு கட்டு

பழந்தமிழில் கட்டுவதற்கு இன்னும் சில சொற்கள் இருந்தன. இப்போது தனியாகப் புழங்குவதில்லை, ஆனால் வேறு சொற்களுக்குள் ஒளிந்திருக்கின்றன. "யா" என்ற வினைக்குக் கட்டு என்று பொருள். அதிலிருந்து வந்தது யாப்பு, அதாவது செய்யுள் இலக்கணம். யாப்பின் உறுப்புகள் எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்று ஆறு. தளை என்றால் பிணைப்பு. ஒரு சீரை அடுத்த சீரோடு பிணைப்பது. தொடை என்றால் தொடுத்தது. அசை என்ற வினைக்கும் பழைய தமிழில் கட்டுதல் என்று ஒரு பொருள் இருந்தது. இன்று அசைத்தல் என்றால் ஆட்டுதல், அதாவது கட்டியதைத் தளர்த்தும் வேலை! பிணித்தல் என்றாலும் கட்டுதல்தான். நோய்க்குப் பிணி என்ற பெயரும் அதே எழுத்துகளில் நிற்கிறது. படுக்கையில் கட்டிப்போடுவது என்று எடுத்துக்கொண்டால் பொருத்தமாகவே இருக்கிறது.

செய்யுளின் சொற்களை எப்படிச் சேர்த்துப் பொருள் கொள்வது என்ற முறைக்குப் பொருள்கோள் என்று பெயர். நன்னூல் சொல்லும் எட்டு வகைப் பொருள்கோளில் ஒன்று விற்பூட்டு. செய்யுளின் கடைசிச் சொல் முதற்சொல்லோடு போய்ச் சேர்ந்து பொருள் தருவது. வில்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நாண் பூட்டுவதைப் பாட்டுக்குப் பொருத்திவிட்டார்கள். உரைநடைக்கு வந்தாலும் தப்பவில்லை: இப்போது நீங்கள் படித்துக்கொண்டிருப்பது கட்டுரை, கட்டிய உரை.

கட்டுவதும் அவிழ்ப்பதும் ஒன்றாகும் இடம்

பேச்சு வழக்கில் இந்தச் சோடிகள் சில நேரம் கட்சி மாறிவிடும். ஒருவன் பொய் சொன்னால் "கதை கட்டுகிறான்" என்கிறோம். அதே ஆளைப் பற்றியே "அவிழ்த்து விடுகிறான் பார்" என்றும் சொல்கிறோம். பொய்யைக் கட்டினாலும் அவிழ்த்து விட்டாலும் குற்றம் ஒன்றுதான். கட்டும்போது பொய் தயாராகிறது, அவிழ்த்து விடும்போது ஊருக்குள் போகிறது என்று வேண்டுமானால் சமாதானம் சொல்லலாம்.

மாட்டு, கழற்று இரண்டும் இன்னும் மோசம். "என்னை மாட்டிவிட்டான்" என்றாலும் துரோகம்தான், "என்னைக் கழற்றிவிட்டான்" என்றாலும் துரோகம்தான். கிளம்புவதைக் குறிக்கவும் கட்டுகிறோம்: நடையைக் கட்டு, மூட்டையைக் கட்டு, கடையைக் கட்டு. இவற்றுக்கு அவிழ் போட்டு எதிர்ச்சொல் செய்துபார்த்தால் சிரிப்புதான் வரும். நடையை அவிழ்த்தவர் யாருமில்லை. மரபுத்தொடருக்குள் போன சொல்லுக்கு எதிர்ச்சொல் தேடாதீர்கள், அங்கே அது தன் பழைய வேலையை விட்டுவிட்டது.

சட்டத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. பிணை என்றால் கட்டு. ஆனால் காவலில் இருப்பவர் வெளியே வர வேண்டுமென்றால் பிணை வேண்டும். அவிழ்த்து விடுவதற்கே ஒரு கட்டு தேவைப்படுகிறது.

புதுப் பொருள்களுக்கு ஒரு வினை: போடு

ஊக்கு, ஜிப், வெல்க்ரோ எல்லாம் அண்மையில் வந்தவை. அமெரிக்காவின் வால்டர் ஹன்ட் ஊக்குக்குக் காப்புரிமை பெற்றது 1849-இல். இன்றைய ஜிப்பின் வடிவத்துக்கு கிதியோன் சுண்ட்பேக் பெற்றது 1917-இல். சுவிட்சர்லாந்தின் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால், நாயின் ரோமத்தில் ஒட்டிக்கொண்ட காட்டு விதைகளைப் பார்த்து வெல்க்ரோவைக் கண்டுபிடித்தார். அந்தப் பெயரே பிரெஞ்சில் வெல்வெட்டையும் கொக்கியையும் குறிக்கும் இரண்டு சொற்களின் முன்பாதிகள்.

இவற்றுக்கெல்லாம் தமிழ் புது வினைச்சொல் உண்டாக்கவில்லை. போடு என்ற ஒன்றையே எடுத்து நீட்டியது. பட்டன் போடு, ஜிப் போடு, ஊக்கு போடு, சீட் பெல்ட் போடு. என்ன கருவி என்று தெரியாவிட்டாலும் "போடு" என்றால் ஒப்பேற்றிவிடலாம். கற்றுக்கொள்பவர்களுக்கு நான் தரும் நடைமுறை யோசனையும் இதுதான்: சொல் வரவில்லையா, பெயரைச் சொல்லிப் போடு என்று முடித்துவிடுங்கள். கயிற்றுக்கு மட்டும் வேண்டாம். "கயிறு போடு" என்றால் வேறு அர்த்தம் வந்துவிடும்.

போடுவுக்கு மறுபக்கம் மட்டும் சீராக இல்லை. பட்டனைக் கழற்றுகிறோம், ஜிப்பைத் திறக்கிறோம் அல்லது இறக்குகிறோம், ஊக்கை எடுக்கிறோம், வெல்க்ரோவைப் பிய்க்கிறோம். போடும்போது மறைந்திருந்த பொறி, எடுக்கும்போது வெளியே தெரிந்துவிடுகிறது.

எதிர்ச்சொல்லே இல்லாத பிணைப்புகள்

சில பிணைப்புகளைப் பின்னோக்கி ஓட்டவே முடியாது. இரண்டு இரும்பைப் பற்றவைத்தால் அதைப் பிரிக்க வெட்டத்தான் வேண்டும். அரக்கு முத்திரை வைத்தால் உடைக்க வேண்டும். உறையை ஒட்டினால் கிழிக்க வேண்டும். முத்திரையை அவிழ்த்தேன் என்று எவரும் சொல்வதில்லை. அவிழ் என்ற சொல்லுக்குள், பொருள் சேதமாகாமல் திரும்பக் கட்டத் தயாராக நிற்கும் என்ற ஓர் உறுதிமொழி இருக்கிறது. வெட்டு, அறு, உடை, கிழி என்பவற்றில் அது இல்லை.

இந்த வித்தியாசத்தை வைத்து உலகத்திலேயே பெரிய வழக்கு ஒன்று இன்னும் முடியாமல் கிடக்கிறது. இன்றைய துருக்கியில் இருந்த கோர்டியம் நகரில் ஒரு பழைய வண்டி. அதன் நுகத்தை ஏர்க்காலோடு பிணைத்திருந்த முடிச்சுக்கு முனையே தெரியாது. அதை அவிழ்ப்பவன் ஆசியாவை ஆள்வான் என்று ஒரு வாக்கு. கி.மு. 333-இல் அங்கே வந்த அலெக்சாந்தர் வாளை எடுத்து முடிச்சை அறுத்தான் என்பதுதான் எல்லோரும் கேட்ட கதை. ஆனால் அவனோடு படையெடுப்பில் போன அரிஸ்டோபுலஸ் சொன்னதாக இன்னொரு கதையும் உண்டு: நுகத்தை ஏர்க்காலோடு பிடித்துவைத்திருந்த ஆணியை உருவினான், நுகம் கையோடு வந்துவிட்டது. வாக்கு கேட்டது அவிழ்ப்பதை. அவன் செய்தது அறுப்பதா, உருவுவதா என்பதில் பழைய ஆசிரியர்களே ஒத்துப்போகவில்லை. என் நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "உருவினான் என்றால் அந்த வண்டியை மறுநாளே பூட்டியிருக்கலாம்" என்றார். பூட்டு என்ற சொல்லை எங்கே போட வேண்டும் என்று அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது.